விட்டுப் போனவரின் கையெழுத்து

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள், இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை டீச்சர்" என்று மட்டும் போடாதீர்கள், எனக்குத் தெரிந்துவிடும்.

போன மாதம் ஒரு பழைய மாணவி தொலைபேசியில் அழைத்தாள். பெயர் சொல்ல மாட்டேன். எழுதலாமா என்று கேட்டேன், "பேர் போடாம எழுதுங்க டீச்சர்" என்றாள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள், இப்போது அவளுக்கே கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருக்கிறது. கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. அனுப்ப வைத்தவர் அவள் அப்பா. வயதாகிவிட்டது, வருமானம் இல்லை, மகள் மாதாமாதம் பராமரிப்புத் தொகை தர வேண்டும் என்று மனு.

இவள் மூன்று வயதாக இருக்கும்போது வீட்டை விட்டுப் போனவர் அவர். திருப்பூரில் வேறு குடும்பம். நடுவில் இவளுக்குக் கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, எதற்கும் வரவில்லை. அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "விட்டுட்டுப் போனவருக்கு எப்படி டீச்சர் உரிமை இருக்கும்?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், அந்த மனிதருக்கு ஒரு காலத்தில் உரிமை இருப்பதாக எழுதிக் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

1987. எங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஆறாம் வகுப்புக்கு டவுனுக்குப் போக வேண்டும். தினமும் போய்வரப் பேருந்து வசதி கிடையாது. அரசு மாணவியர் விடுதியில் சேர்க்கலாம் என்று நானே விண்ணப்பம் வாங்கி வந்தேன். நன்றாகப் படிக்கிற பெண், விட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு ஆசை. அந்தப் படிவத்தின் அடியில் "பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்" என்று அச்சடித்திருந்தது. அவள் அம்மா வந்து, "நான் போடுறேன் டீச்சர்" என்றார். கையெழுத்துப் போடத் தெரியும் அவருக்கு, எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியும். நான் சொன்னேன்: "அப்பா உயிரோட இருக்கும்போது நீங்க போட்டா விடுதியில திருப்பி அனுப்பிடுவாங்க. எப்படியாவது அவர்கிட்ட வாங்கிட்டு வந்துடுங்க."

நான்கு நாள் கழித்து கையெழுத்தோடு வந்தார். "சரி, நல்லது" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். எங்கே போனார், எப்படி வாங்கினார் என்று கேட்கவில்லை. 2015-இல் நான் பணி ஓய்வு பெற்ற விழாவுக்கு அந்தப் பெண் வந்திருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ வேடிக்கைக் கதை போலச் சொன்னாள். அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் போனது, இரண்டு நாள் தேடியது, கையெழுத்துக்கு அவர் இருநூறு ரூபாய் கேட்டது, ஊருக்குத் திரும்பிப் பித்தளை அண்டாவை அடகு வைத்து மறுபடி பஸ் ஏறியது. இலையில் இருந்ததை என்னால் சாப்பிட முடியவில்லை.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன குறை? பத்து வருடமாகப் படித்ததில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, இடைநிலை ஆசிரியைப் பயிற்சி முடித்தவள். ஆனால் ஒரு சொல்லை எப்படிப் படிப்பது என்று முப்பத்தைந்து வருடம் சொல்லிக் கொடுத்தவள். இந்தக் கதை முழுக்கச் சொல்லை எப்படிப் படிப்பது என்பதுதான்.

நம் சட்டத்தின் தாத்தா வீடு இங்கிலாந்து. அங்கே 1804-இல் ஒரு வழக்கு. கணவன் கொடுமை தாங்காமல் பிரிந்து இருந்த ஒரு தாயிடமிருந்து எட்டு மாதக் கைக்குழந்தையைத் தகப்பன் பலவந்தமாகத் தூக்கிப் போய்விட்டார். பால் குடிக்கிற குழந்தை. நீதிமன்றம் தகப்பன் பக்கம் நின்றது, குழந்தை சட்டப்படி அவருடையது என்று சொல்லிவிட்டது. முப்பது வருடம் கழித்து கரோலைன் நார்ட்டன் என்ற எழுத்தாளருக்கு அதே நிலை, மூன்று மகன்களையும் கணவர் பிரித்துவிட்டார். அவர் சும்மா இருக்கவில்லை. துண்டுப் பிரசுரம் எழுதினார், நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நடையாய் நடந்தார். 1839-இல் ஒரு சட்டம் வந்தது: ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் விடும்படி தாய் மனுப் போடலாம் என்று. மனுப் போடலாம், அவ்வளவுதான். அதுவும் நார்ட்டனுக்கு உதவவில்லை, அதற்குள் கணவர் பிள்ளைகளை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோய்விட்டார், அங்கே அந்தச் சட்டம் செல்லாது. கடைசி மகன் 1842-இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனான்.

1891-இல் அங்கே இன்னொரு சட்டம் வந்தது. இதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு பெற்றோர் பிள்ளையைக் கைவிட்டுப் போய், பிறகு திரும்பி வந்து "என் பிள்ளையைக் கொடு" என்று கேட்டால், நீதிமன்றம் மறுக்கலாம். தான் தகுதியானவன் என்று அந்தப் பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும். விட்டுப் போனால் உரிமை குறையும் என்பதைச் சட்டமாகவே எழுதினார்கள்.

அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்னால், 1890-இல், அதே ஆங்கிலேயர்கள் நமக்குக் கொடுத்தது காப்பாளர் மற்றும் காப்பிற்குரியோர் சட்டம். பிள்ளையின் நலன் பார்க்க வேண்டும் என்று அதிலும் இருக்கிறது. ஆனால் 19-ஆம் பிரிவில் ஒரு வரி: தகப்பன் உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, வேறு யாரையும் காப்பாளராக நியமிக்கக் கூடாது. உயிரோடு இருந்தால் போதும். வீட்டில் இருக்க வேண்டும் என்று இல்லை. நான் 1987-இல் அந்த அம்மாவிடம் சொன்ன "அப்பா உயிரோட இருக்கும்போது" என்ற வார்த்தை என் வாயில் எங்கிருந்து வந்தது என்று இதைப் படித்தபோதுதான் தெரிந்தது. நான் அந்தச் சட்டத்தைப் பார்த்ததுகூடக் கிடையாது. தொண்ணூற்றேழு வருடம் கழித்து ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் என் வாயில் உட்கார்ந்திருந்தது.

நம் சென்னையிலேயே நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். அடையாறு ஆலமரம் பார்க்க நான்காம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தோட்டத்தில் நடந்த கதை. ஜித்து நாராயணய்யா வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி 1905-இல் இறந்துவிட்டார். 1909-இல் மகன்களோடு அடையாறு பிரம்மஞான சபைப் பக்கம் குடிவந்தார். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியைக் கடற்கரையில் பார்த்த லெட்பீட்டர் என்ற வெள்ளைக்காரர், உலகத்துக்கு வரப்போகிற குரு இவன்தான் என்றார். அன்னி பெசண்ட் அம்மையார் கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தாவையும் வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். 1910 மார்ச் 6 அன்று நாராயணய்யா கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், பிள்ளைகளின் காப்பாளர் இனி பெசண்ட் அம்மையார் என்று.

இதைக் கைவிடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். தாயில்லாப் பிள்ளைகள், ஓய்வூதியக் குடும்பம், பெரிய இடத்தில் படித்து முன்னுக்கு வரட்டும் என்று நினைத்திருப்பார். நம் பக்கத்திலும் பிள்ளையைச் சித்தி வீட்டில் விட்டுப் படிக்க வைப்பதில்லையா? ஆனால் பிறகு லெட்பீட்டர் மீது அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. பிள்ளைகள் இங்கிலாந்து போய்விட்டார்கள். 1912-இல் வழக்குப் போட்டார், என் பிள்ளைகளைத் திருப்பிக் கொடு என்று. அவருக்காக வாதாடியவர் பின்னாளில் திருவிதாங்கூர் திவானாக இருந்த சி. பி. ராமசாமி ஐயர். எதிர்ப் பக்கத்தில் பெசண்ட் அம்மையார் வக்கீலே வைக்கவில்லை, தானே எழுந்து நின்று வாதாடினார்.

1913-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பேக்வெல், பிள்ளைகளைத் தகப்பனிடம் ஒப்படைக்கச் சொன்னார். மேல்முறையீட்டிலும் அதே முடிவு. அம்மையார் லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1914 மே மாதம் தீர்ப்பு வந்தது, அம்மையார் ஜெயித்தார். பலர் இதைப் "பெசண்ட் ஜெயித்த வழக்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். தீர்ப்பில் உள்ள விஷயம் இரண்டு.

தகப்பனின் காப்பாளர் உரிமை ஒரு புனிதமான பொறுப்பு, உயிரோடு இருக்கும்போது அதை இன்னொருவருக்கு நிரந்தரமாகத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது, கொடுத்தாலும் திரும்பப் பெறலாம் என்றது கவுன்சில். அந்த இடத்தில் நாராயணய்யா சொன்னதுதான் சரி. ஆனால் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இங்கிலாந்தில் இருக்கிறார்கள், அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு அவர்களைக் கப்பலேற்றி அனுப்பு என்று உத்தரவு போட முடியாது என்றும் சொன்னது. அப்போது கிருஷ்ணமூர்த்திக்கு 19 வயது. இரண்டு வருட வழக்கில், இரண்டு நீதிமன்றங்களில், அந்தப் பையனை யாரும் கேட்கவில்லை என்பதை மூன்றாவது நீதிமன்றம்தான் கவனித்தது. உரிமை என்பது பொறுப்பு என்று சொல்லிவிட்டால், பொறுப்பைச் செய்யாதவனுக்கு உரிமை ஏது என்ற கேள்வி அடுத்து வர வேண்டும். அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை.

நாடு விடுதலை பெற்றது. 1956-இல் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் வந்தது. அதன் 6-ஆம் பிரிவுதான் இந்தப் பதிவின் நடு வீடு. பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் யார்? "தந்தை, அவருக்குப் பின் தாய்." ஐந்து வயது வரை பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம், ஆனால் காப்பாளர் தந்தைதான். சோறு ஊட்டுவதும் பீ அள்ளுவதும் அவள், கையெழுத்து அவர். (பெரியவர்கள் மன்னிக்கவும், வேறு சொல் தோன்றவில்லை.)

அதே பிரிவில் இன்னொரு வேடிக்கை. தந்தை எப்போது அந்த உரிமையை இழப்பார் என்றும் எழுதியிருக்கிறார்கள். இந்து மதத்தை விட்டுப் போனால் இழப்பார். உலகத்தை முற்றிலும் துறந்து வானப்பிரஸ்தனாகவோ சந்நியாசியாகவோ ஆனால் இழப்பார். காவி கட்டிக் காசிக்குப் போனவருக்கு உரிமை கிடையாது. கைலி கட்டித் திருப்பூருக்குப் போனவருக்கு உண்டு! முதல் தடவை படித்தபோது சிரித்துவிட்டேன், இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை. கடவுளைத் தேடிப் போனவரைப் பற்றி யோசித்த சட்டத்துக்கு, சும்மா போனவரைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

இனி "அவருக்குப் பின்" என்ற சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ஆஃப்டர்'. அவருக்குப் பின் என்றால் அவர் செத்த பின் என்றுதான் எல்லோரும் படித்தார்கள். வங்கி, பத்திரப் பதிவு, பள்ளிக்கூடம், எல்லா இடத்திலும்.

1970-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நில வழக்கு வந்தது, மகாராஷ்டிரத்தின் விதர்பா பக்கம். ஜிஜாபாய் கஜ்ரே வழக்கு என்று சொல்வார்கள். சிறுமியின் பெயரில் இருந்த நிலத்தை அவள் தாய் குத்தகைக்கு விட்டிருந்தார். தகப்பன் உயிரோடு இருக்கும்போது தாய் விட்டது செல்லுமா? தகப்பனும் தாயும் இருபது வருடத்துக்கு மேல் பிரிந்திருந்தார்கள், மகளின் காரியம் எல்லாம் தாய்தான் பார்த்தார். நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: தகப்பன் உயிரோடு இருந்தாலும், பிள்ளையின் காரியத்தில் எந்த அக்கறையும் எடுக்காதவர், அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை இல்லாதவர் போலத்தான். ஆகவே தாயே இயற்கைக் காப்பாளர், அவர் செய்தது செல்லும்.

1970 என்று திரும்பப் படியுங்கள். நான் அந்த அம்மாவைத் திருப்பூருக்கு அனுப்பியது 1987. பதினேழு வருடம் முன்பே நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் சொல்லிவிட்ட விஷயம் என் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரவில்லை. சட்டத்தை விடுங்கள். அந்தப் படிவத்தில் "பெற்றோர்" என்றுதானே இருந்தது? பெற்றவர் யார்? பத்து மாதம் சுமந்து பெற்றவர் என் எதிரே நின்றுகொண்டு "நான் போடுறேன்" என்கிறார். ஐந்தாம் வகுப்புக்குப் பன்மையும் பொதுப்பாலும் நடத்தியவள் நான், "பெற்றோர்" என்பதை "தகப்பனார்" என்று படித்தேன்.

அடுத்தது 1999. எழுத்தாளர் கீதா ஹரிஹரன், நம் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1984-இல் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். கணவர் வீட்டில்தான் இருக்கிறார், இந்த விஷயத்தில் தாய்தான் காப்பாளர் என்று இருவரும் சேர்ந்தே எழுதிக் கொடுத்தார்கள். வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. ஒன்று தந்தை கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றத்திலிருந்து காப்பாளர் சான்று கொண்டுவர வேண்டும். தகப்பனே "அவள் போடட்டும்" என்றாலும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பாருங்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார், இந்திரா ஜெய்சிங் வாதாடினார். தலைமை நீதிபதி ஏ. எஸ். ஆனந்த் அமர்வு 1999 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பளித்தது. அவர் முன்பு நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் தலைமை நீதிபதியாக இருந்தவர்.

தீர்ப்பு முழுக்க அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான். "அவருக்குப் பின்" என்பதை "அவர் இறந்த பின்" என்று படித்தால், அரசமைப்புச் சட்டம் சொல்லும் ஆண் பெண் சமத்துவத்துக்கு முரண் ஆகிவிடும். ஆகவே "அவர் இல்லாதபோது" என்று படிக்க வேண்டும். இல்லாதபோது என்றால்? ஒரே வீட்டில் இருந்தும் பிள்ளையைக் கண்டுகொள்ளாதவர், வெளியூரிலேயே இருப்பவர், நோயால் முடியாதவர், இருவரும் பேசித் தாயிடம் பொறுப்பை விட்டவர், எல்லாம் இல்லாதவர் கணக்குதான்.

நல்ல தீர்ப்பு என்று கொண்டாடினார்கள். எனக்கு அரைச் சந்தோஷம்தான். அந்த வரியை நீக்கவில்லை, புதுப் பொருள் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். அப்பா இருந்து கவனித்தால் அவர்தான் முதல், அம்மா இரண்டாவது, அது மாறவில்லை. சட்ட ஆணையம் 1989-இலும் 2015-இலும் இருவரையும் சமமாக வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தது. 1890 சட்டத்தின் 19-ஆம் பிரிவில் 2010-இல் தாயையும் சேர்த்தார்கள். 1956 சட்டத்தின் அந்த வரியோ அப்படியே இருக்கிறது.

2015 ஜூலையில் வந்த இன்னொரு தீர்ப்பு. தாயின் பெயர் வெளியிடப்படவில்லை, எழுத்துகளால்தான் குறிப்பிடுகிறார்கள். திருமணம் ஆகாத தாய், கிறிஸ்தவர், நன்றாகச் சம்பாதிப்பவர். தன் சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் மகனை வாரிசாகப் போட வேண்டும், அதற்குக் காப்பாளர் ஆணை வேண்டும். பெற்றோருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம், தகப்பன் பெயரைச் சொல் என்றார்கள். அவர் மறுத்தார். அந்த மனிதருக்குப் பிள்ளை இருப்பதே தெரியாது, அவருக்கு வேறு குடும்பம். கீழே இரண்டு நீதிமன்றங்களிலும் தள்ளுபடி. நீதிபதி விக்ரம்ஜித் சென் அமர்வு ஏற்றுக்கொண்டது. பிள்ளையின் வாழ்க்கையில் பங்கே எடுக்காத தகப்பனுக்கு அறிவிப்பு அனுப்பத் தேவையில்லை, பிள்ளையின் நலன்தான் முக்கியம். தனித் தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் பிறப்புச் சான்று தர வேண்டும் என்றும் அரசுக்கு உத்தரவு போட்டது. பிறகுதான் படிவங்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்றார்கள். 2018-இல் பான் அட்டையில், தனித் தாயின் பிள்ளைக்குத் தந்தை பெயர் கட்டாயம் இல்லை என்றானது. உங்களில் யாருக்காவது இன்னமும் ஏதாவது அலுவலகத்தில் "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று சொன்னால், இந்த வருடங்களைக் குறித்துக்கொண்டு போங்கள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பிள்ளையோடு இல்லாத தகப்பன் எல்லோரும் விட்டுப் போனவர்கள் அல்ல. என் நாத்தனார் மகன் குடும்ப நீதிமன்ற வளாகத்தில் மகளைப் பார்க்க மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பிஸ்கட் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிறான். துபாயில் இருந்துகொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுப்பாடம் கேட்கிற அப்பாக்கள் இந்தப் பதிவைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். 1999 தீர்ப்பு அவர்களை ஒதுக்கவில்லை, அவர்கள் ஊரில் இல்லாதபோது அம்மா கையெழுத்துப் போடலாம் என்கிறது. தொலைவில் இருப்பதும் விட்டுப் போவதும் ஒன்றில்லை. எங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான் இருந்தது.

தாய் விட்டுப் போனால் என்ன சட்டம் என்று கேட்டீர்களானால், அங்கே மட்டும் கெடு உண்டு. வளர்க்க முடியாத குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பிப் பெற 2015 சட்டப்படி இரண்டு மாதம் அவகாசம். பிறகு குழந்தை தத்துக்குப் போகலாம். தகப்பனும் சேர்ந்து ஒப்படைத்தால் அவருக்கும் அதே கெடுதான், ஆனால் அந்த வாசலில் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் யார் என்று உங்களுக்கே தெரியும். ஒப்படைக்காமல், சொல்லாமல் நழுவிப் போனவருக்குக் கெடு எதுவும் கிடையாது.

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பிள்ளையாக இருந்தபோது விட்டவர், பெரியவளான பிறகு வந்து கேட்கிறார். பாரதத்தில் குந்தி கர்ணனிடம் வந்து நின்றது போர் நெருங்கிய பிறகுதான். அவளும் கேட்கத்தான் வந்தாள், கொடுக்க வரவில்லை.

இங்கேயும் 1987 வருகிறது. அந்த வருடம் பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. மகாராஷ்டிரத்தில் ஒரு பெண் மருத்துவர், அவரிடம் தந்தை பராமரிப்புக் கேட்டார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில், பெற்றோரைக் காக்க வேண்டியவரை 'அவன்' என்று ஆண்பாலில்தான் எழுதியிருந்தது. அது மகனுக்குத்தான், கல்யாணமான மகளுக்கு இல்லை என்று அவர் வாதாடினார். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. 'அவன்' என்பதில் 'அவளும்' அடக்கம், வருமானம் உள்ள மகளும் பெற்றோரைக் காக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பில் எனக்குக் குறையில்லை, மகளும் பிள்ளைதானே. ஆனால் பாருங்கள். கொடுக்க வேண்டிய இடத்தில் 'அவன்' என்ற சொல்லில் பெண்ணைக் கண்டுபிடித்த அதே வருடம், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'பெற்றோர்' என்ற சொல்லில் பெண் இருப்பது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்போது அந்த அப்பாவிடம் இவள் அம்மா ஜீவனாம்சம் கேட்டிருக்கலாம், அதே 125-ஆம் பிரிவு இருந்தது. உச்சவரம்பு மாதம் 500 ரூபாய், 2001-இல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். கேட்கச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, கையெழுத்து வாங்கி வரத்தான் சொன்னேன்.

இப்போது இவளுக்கு வந்திருப்பது 2007-ஆம் வருடத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ். கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம், மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். எத்தனையோ பெற்றோருக்கு இந்தச் சட்டம் சோறு போட்டிருக்கிறது, அதைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு தெருவில் விட்ட பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெற்றோர் இந்தப் பிள்ளையை வளர்த்தாரா என்று கேட்கும் வரி அதில் இல்லை. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பெற்றோர், வசதியுள்ள பிள்ளை, இந்த இரண்டுதான் சட்டத்தின் கண்ணில் படுகிறது.

சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவுகளுக்குத் தெரிந்திருக்கும். அங்கே 1995-இலேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள், வால்டர் வூன் என்ற நியமன நாடாளுமன்ற உறுப்பினர் முன்மொழிந்தது. அதில் ஒரு விதி: அந்தப் பெற்றோர் தன்னைக் கைவிட்டார், கொடுமை செய்தார், கவனிக்காமல் விட்டார் என்று பிள்ளை நிரூபித்தால், தீர்ப்பாயம் மனுவைத் தள்ளலாம் அல்லது தொகையைக் குறைக்கலாம். 1891-இல் லண்டனில் எழுதியது போலத்தான் இதுவும், திரும்பி வந்து கேட்பவரிடம் நீ என்ன செய்தாய் என்று கேட்பது. நம் சட்டத்திலும் அப்படி ஒரு வரி வர வேண்டும் என்பது என் கருத்து. கட்டாயம் தள்ளுபடி செய் என்று நான் சொல்லவில்லை. கேள், பதிவு செய், பிறகு முடிவு செய். கிருஷ்ணமூர்த்தியைக் கேட்டிருக்க வேண்டும் என்று பிரிவி கவுன்சில் சொல்லி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறதே.

இதையெல்லாம் நான் அவளிடம் சொன்னேன், இவ்வளவு நீளமாக இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "காசு பத்தி இல்ல டீச்சர். மாசம் ரெண்டாயிரம் மூவாயிரம் குடுத்துடலாம். அந்த மனுவுல என்னைய 'என்னால் வளர்த்து ஆளாக்கப்பட்ட மகள்'னு எழுதியிருக்காரு. அத மட்டும் அடிக்கணும்" என்றாள். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது, இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லையாம். அந்த அண்டாவை மூன்று வருடம் கழித்து மீட்டுவிட்டார்கள் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். இப்போதும் வீட்டில் அரிசி கொட்டி வைப்பது அதில்தான்.

விசாரணை அடுத்த மாதம். அதற்குள் எழுத்து மூலம் பதில் கொடுக்க வேண்டும். 1987-இல் என்ன நடந்தது என்று என் பெயர் போட்டு ஒரு பக்கம் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நம் பள்ளியில் படித்து வழக்கறிஞர் ஆனவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர் இருக்கிறீர்கள். நேரில் வந்து வாதாட வேண்டாம், அந்தப் பதிலை எப்படி எழுதுவது என்று பார்த்துச் சொன்னால் போதும். கருத்துப் பகுதியில் போட வேண்டாம், உள்பெட்டிக்கு வாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்